சோப்பு கரையும் கணக்கு: பாலக்காடு–இடுக்கி எல்லைப்புறத்தின் தூய்மை வரலாறு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே கோவை மாவட்டத்தை ஒட்டியிருக்கும் சித்தூர் வட்டாரத்திலும், உடுமலைப்பேட்டையிலிருந்து மலையேறிச் சேரும் மறையூர், காந்தளூர், மூணாறு பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குவதைப் போலவே, உடலையும் துணியையும் தூய்மை செய்யும் வழக்கங்களும் இரு மரபுகளிலிருந்து வந்து கலந்தன. கொங்குப் புறத்திலிருந்து சீயக்காயும், உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த அரப்புப் பொடியும் வந்தன; மலையாளப் புறத்திலிருந்து ஒரு முட்கொடியின் பட்டையை நசுக்கி நாராக்கிய ‘இஞ்ச’யும், செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் ‘தாளி’யும் வந்தன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் அழுக்கைப் பிரித்தெடுத்தது. துணி வெளுப்போர் காரத்தன்மை கொண்ட உவர்மண்ணில் துணியைத் தோய்த்து வெள்ளாவியில் அவித்தனர்.

கடைச்சரக்கான சோப்பு இந்தியாவுக்குப் பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1888இல் இங்கிலாந்தின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் இறங்கின. 1897இல் மீரட்டில் சோப்பு ஆலை தொடங்கியது. பாலக்காடு வட்டம் அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்ததால், அம்மாகாண அரசின் முயற்சியே இப்பகுதிக்கு நெருக்கமானது. மாகாண மீன்வளத் துறையை உருவாக்கிய சர் பிரெடரிக் நிக்கல்சன், மலபார் கடற்கரையில் மிகுதியாகக் கிடைத்த மத்தி மீனின் எண்ணெயைப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தார்; அதன் தொடர்ச்சியாக 1914இல் கோழிக்கோட்டில் சோப்பு நிலையம் ஏற்பட்டு, அரசே சோப்புச் செய்து விற்கவும் அத்தொழிலைக் கற்றுக்கொடுக்கவும் முற்பட்டது. சில ஆண்டுகளில் டாட்டா எண்ணெய் ஆலை கொச்சியில் தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது.

தேங்காய் எண்ணெய்தான் இம்மண்ணின் சோப்புக்குக் குணத்தையும் குறையையும் ஒருங்கே தந்தது. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்னும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலமாகும். அதிலிருந்து உண்டாகும் சோப்பு உப்புத்தன்மையுள்ள நீரிலும் நுரைக்கும், கட்டி இறுகியும் இருக்கும், ஆனால் நீரில் விரைவாகக் கரைந்துவிடும். பாமாயிலிலும் விலங்குக் கொழுப்பிலும் மிகுந்திருக்கும் பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்களின் சோப்போ மெதுவாக நுரைத்து நெடுநாள் உழைக்கும். ஆகவே நீடித்து உழைக்கும் கட்டி என்பது கைவண்ணத்தை மட்டும் சார்ந்ததன்று. எந்த எண்ணெயை எவ்வளவு கலந்தார்கள் என்பதையும் சார்ந்தது.

எண்ணெய்க்கு அடுத்தபடி சோப்பின் ஆயுளை முடிவுசெய்வது தண்ணீர். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரைக் கடினநீர் என்பர். அந்த உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத வெண்படிவமாகித் துணியில் ஒட்டுவதால், அவை தீரும்வரை நுரை எழாது, அதுவரை தேய்த்த சோப்பு வீணாகிறது. மழை குறைந்த கிழக்குச் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீட்டில் கட்டி சீக்கிரம் தேய்வதற்கும், மலைச்சரிவின் ஓடைநீரைப் பிடித்துக் குளிக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அதே கட்டி கூடுதல் நாள் வருவதற்கும் இதுவே காரணம். துணி ஊறவைக்கும் நீரில் முதலில் சிறிது சலவைச் சோடாவைக் கரைப்பதும், மழைநீரைச் சேர்த்துவைத்துத் துவைப்பதும் இந்த இழப்பைத் தடுக்கும் வழிகள்.

மூன்றாவது காரணி ஈரம். புதிதாக வார்த்த சோப்பில் நீர் மிகுதியாக இருப்பதால் அது மென்மையாக இருந்து விரைவில் கரைகிறது. காற்றாடும் நிழலில் சில வாரம் காய்ந்தால் நீர் ஆவியாகிக் கட்டி இறுகுகிறது. நீண்ட பார் சோப்பை வாங்கியவுடனே துண்டுகளாக நறுக்கிப் பரணில் காயவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் புழங்கும் இல்லத்தரசியின் பழக்கம் வெறும் சிக்கனமன்று, செயலில் கண்ட வேதியியல். தேங்காய்நாரின் மேலோ துளையிட்ட தட்டிலோ கட்டியை வைப்பதும், தேய்ந்த துண்டைப் புதிய கட்டியோடு ஒட்டிவிடுவதும் அதே அறிவின் நீட்சி; பல மாதம் ஈரம் ஆறாத மூணாற்று மழைக்காலத்தில் அதன் பயன் இருமடங்காகிறது.

இன்றைய நுகர்வோர் இவ்வறிவைக் கட்டியின் உறையிலிருந்தும் பெறலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குளியல் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் முதல் தரத்தில் குறைந்தது 76 விழுக்காடும், இரண்டாம் தரத்தில் 70 விழுக்காடும், மூன்றாம் தரத்தில் 60 விழுக்காடும் இருக்கவேண்டும். ‘குளியல் கட்டி’ என்று மட்டும் குறிக்கப்படுபவற்றுக்கு 40 விழுக்காடே போதும். விலையை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணை எடையோடு சேர்த்துக் கணக்கிடுவோர், வாங்கிய கட்டியில் உண்மையான சோப்பு எவ்வளவு என்பதை அறிவர்.

இந்த எல்லைப்புறமே சோப்புக்கு நறுமணத்தையும் தருகிறது. கேரளத்தில் சந்தனம் இயற்கையாகச் செறிந்து வளரும் காடு மறையூரில் உள்ளது. கோழிக்கோட்டில் 1914இல் தொடங்கி இடையில் நின்றுபோன அரசு ஆலை 2010இல் மீண்டும் இயங்கத் தொடங்கியபின், அங்கு தயாராகும் சந்தன சோப்புக்கு மறையூரின் பெயர் மதிப்பைச் சேர்க்கிறது. அரைக்கிண்ணம் அரப்பையும் ஒரு பிடி உவர்மண்ணையும் அளந்து புழங்கிய தலைமுறைகள் அவை காட்டிலிருந்தும் மண்ணிலிருந்தும் உழைப்பால் கிடைப்பன என்பதை அறிந்திருந்தன. சோப்பும் அதுபோலத் தென்னையும் சந்தனமும் பலரின் உழைப்பும் கூடி உருவான பொருளே என்பதால், அதை உலர்ந்த தட்டில் வைத்துக் காப்பது அந்த அளவறிந்த வாழ்வின் தொடர்ச்சியாகும்.