விடுதிக் குழுமங்களின் வெகுமதித் திட்டங்கள்: வரலாறும் பயன்பாடும்

ஒரே வணிகப் பெயரில் பல நகரங்களில் இயங்கும் தங்கு விடுதிகள், தம்மிடம் திரும்பத் திரும்ப வந்து தங்குவோருக்குப் புள்ளிகள், உறுப்பினர் நிலைகள், சலுகைகள் ஆகியவற்றை வழங்கும் ஏற்பாடு விடுதி வெகுமதித் திட்டம் எனப்படும். இத்தகைய திட்டங்கள் 1983 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றின. விமான நிறுவனங்களின் விளம்பர உத்தியைப் பார்த்துத் தொடங்கப்பட்ட இவை, இன்று பெருநகரங்களில் எந்த விடுதியில் அறை எடுப்பது என்ற முடிவில் பெரும் பங்கு வகிக்கின்றன. அறைக்குப் பணம் செலுத்துபவர் ஒருவராகவும் சலுகையைப் பெறுபவர் வேறொருவராகவும் இருப்பது இத்திட்டங்களின் தொடக்கம் முதலே உள்ள சிக்கலாகும்.

பின்னணி

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு விடுதியின் கவனிப்பு பெரும்பாலும் அதன் மேலாளரைப் பொறுத்தே அமைந்தது. வாடிக்கையாக வருபவரின் பெயரும் அவருக்குப் பிடித்த அறையும் மேலாளரின் நினைவிலோ குறிப்பேட்டிலோ இருந்தன. வேறு ஊருக்குச் சென்றால் அந்த அறிமுகம் உதவாது.

கான்ராட் ஹில்டன் 1919 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் சிஸ்கோ நகரில் மாப்லி என்ற விடுதியை வாங்கித் தொழிலைத் தொடங்கினார். பின்னர் ஒரே பெயரில் பல நகரங்களில் விடுதிகளை நடத்தினார். 1952 இல் கெம்மன்ஸ் வில்சன் மெம்பிஸ் நகரில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். குடும்பத்துடன் வாஷிங்டன் சென்றபோது, வழியில் இருந்த விடுதிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கட்டணம் கேட்டது அவருக்கு எரிச்சலூட்டியது. பெற்றோருடன் தங்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதும், எந்த ஊரிலும் அறை ஒரே தரத்தில் இருக்கும் என்பதும் அவர் அளித்த வாக்குறுதிகள். 1965 இல் ஹாலிடே இன் நிறுவனம் ஹாலிடெக்ஸ் என்ற கணினி முன்பதிவு அமைப்பைக் கொண்டுவந்தது. ஒரு விடுதியில் இருந்தபடியே வேறு ஊரில் உள்ள விடுதிக்கு அறை பதிவு செய்ய அது வழி செய்தது.

இந்த வெற்றியே அடுத்த சிக்கலையும் கொண்டுவந்தது. எல்லாக் குழுமங்களும் ஒரே மாதிரியான அறையைத் தரத் தொடங்கியதும், பயணிக்கு ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காரணம் இல்லாமல் போனது.

விமான நிறுவனங்கள் காட்டிய வழி

வாடிக்கையாளரைத் தக்கவைக்கப் பரிசு தரும் வழக்கம் பழையது. 1896 இல் தொடங்கப்பட்ட ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் கடைகளுக்குப் பச்சை வில்லைகளை விற்றது. கடைக்காரர்கள் அவற்றை வாடிக்கையாளர்களுக்கு அளித்தனர். வில்லைகளை ஏட்டில் ஒட்டிச் சேர்த்தவர்கள் வீட்டுப் பொருள்களைப் பெற்றனர்.

1978 இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டத்தை இயற்றியது. அதன்பின் போட்டி கடுமையானது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏ-அட்வான்டேஜ் திட்டத்தை அறிவித்தது. சேபர் என்ற தனது கணினி முன்பதிவு அமைப்பில் அடிக்கடி வந்த தொலைபேசி எண்களைக் கொண்டு, எவர் மிகுதியாகப் பறக்கிறார் என்பதை அந்நிறுவனம் கண்டறிந்திருந்தது. சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் மைலேஜ் பிளஸ் திட்டத்தைத் தொடங்கியது.

தோற்றமும் பரவலும்

அடிக்கடி பறப்பவரே அடிக்கடி விடுதியிலும் தங்குபவர் என்பதால் விடுதிகள் விரைவில் இவ்வழியைப் பின்பற்றின. ஹாலிடே இன் 1983 இல் பிரயாரிட்டி கிளப் திட்டத்தைத் தொடங்கியது. இதுவே விடுதித் துறையின் முதல் வெகுமதித் திட்டமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அதே ஆண்டின் இறுதியில் மேரியட் தனது திட்டத்தைத் தொடங்கியது. ஹில்டனும் ஹயாட்டும் 1987 இல் இணைந்துகொண்டன.

தொடக்கக் காலத் திட்டங்களில் புள்ளிகள் இருந்தும் அறை கிடைக்காத நிலை பரவலாக இருந்தது. பண்டிகைக் காலங்களையும் கூட்டம் மிகுந்த நாள்களையும் விலக்கு நாள்கள் என்று அறிவித்து, அந்நாள்களில் புள்ளிகளை ஏற்க விடுதிகள் மறுத்தன. 1999 இல் ஸ்டார்வுட் குழுமம் இதை மாற்றியது. ஷெரட்டன், வெஸ்டின் முதலிய பெயர்களைக் கையகப்படுத்தியிருந்த அக்குழுமம், விலக்கு நாள்களே இல்லாத ஸ்டார்வுட் பிரிஃபர்டு கெஸ்ட் திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண அறை விற்பனையில் இருந்தால் அதைப் புள்ளிகளுக்கும் தரவேண்டும் என்பது அதன் விதி. 20,000 புள்ளிகளை விமான மைல்களாக மாற்றினால் 5,000 மைல்கள் கூடுதலாகக் கிடைத்தன. இதனால் அடிக்கடிப் பயணம் செய்வோரிடையே அத்திட்டம் பெரும் மதிப்புப் பெற்றது.

இத்தொடர்பு சென்னைக்கும் நீள்கிறது. ஐடிசி நிறுவனம் தனது முதல் விடுதியான சோழாவை 1975 அக்டோபரில் சென்னையில் திறந்தது. அந்த விடுதி ஷெரட்டன் பெயருடன் இணைந்து சோழா ஷெரட்டன் என அறியப்பட்டது. ஷெரட்டன் ஸ்டார்வுட்டுக்கும், ஸ்டார்வுட் மேரியட்டுக்கும் கைமாறின. இதன் தொடர்ச்சியாக, 2012 இல் கிண்டியில் திறக்கப்பட்ட ஐடிசி கிராண்ட் சோழா போன்ற விடுதிகளிலும் மேரியட் உறுப்பினர்கள் புள்ளிகள் பெற முடிகிறது.

பணம் செலுத்துபவர் யார்

புள்ளிகள் பயணியின் பெயரில் சேர்கின்றன. ஆனால் அலுவல் பயணத்தில் அறைக் கட்டணத்தைச் செலுத்துவது அவரது நிறுவனம். ஆகவே மலிவான விடுதி அருகில் இருந்தும், தமக்குப் புள்ளி கிடைக்கும் விடுதியையே ஊழியர் நாடும் வாய்ப்பு உள்ளது.

இக்கேள்வி 2002 ஆம் ஆண்டில் இரு நாடுகளில் வெளிப்படையாக எழுந்தது. அமெரிக்க வருமான வரித்துறை, அலுவல் பயணத்தில் கிடைக்கும் விமான மைல்களையும் அவை போன்ற சலுகைகளையும் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் அதற்கு வரி கோரப்போவதில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு சூலையில் ஜெர்மனியில் நேர்மாறான காட்சி நிகழ்ந்தது. அலுவல் பயணங்களில் சேர்ந்த விமான மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியதாக எழுந்த சர்ச்சையில் அரசியல்வாதிகள் செம் ஓஸ்டெமிரும் கிரேகோர் கீஸியும் தாம் வகித்த பொறுப்புகளில் இருந்து விலகினர். 2006 இல் ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், நிறுவனத்தின் செலவில் சேர்ந்த மைல்களை நிறுவனம் கோரினால் ஊழியர் அதன் பயனை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விமான மைல்கள் பற்றிய வழக்கே என்றாலும், விடுதிப் புள்ளிகளுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

மற்றொரு செலவு விடுதி உரிமையாளரைச் சார்ந்தது. 1993 இல் மேரியட் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. கட்டடங்களின் உரிமை ஒரு நிறுவனத்துக்கும், மேலாண்மையும் பெயருரிமையும் மற்றொன்றுக்கும் சென்றன. பிற பெருங்குழுமங்களும் இதே பாதையில் சென்றதால், பெயர்ப்பலகையில் உள்ள நிறுவனம் பெரும்பாலும் கட்டடத்தின் உரிமையாளர் அன்று. உறுப்பினர் தங்கும்போது சேரும் புள்ளிகளுக்கு உரிமையாளர் குழுமத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். புள்ளிகளைக் கொண்டு ஒருவர் இலவசமாகத் தங்கினால் குழுமம் உரிமையாளருக்கு ஒரு தொகையைத் திருப்பித் தருகிறது. இலவசக் காலை உணவு, ஓய்வுக்கூடம் முதலியவற்றின் செலவு பெரும்பாலும் உரிமையாளர் மீதே விழுகிறது. ஒரே குழுமத்தின் ஒரு விடுதியில் தாராளமாகவும் மற்றொன்றில் கணக்குப் பார்த்தும் சலுகை கிடைப்பதற்கு இது முக்கியக் காரணமாகும்.

இணைப்பும் தரவுக் கசிவும்

2015 நவம்பரில் ஸ்டார்வுட்டை வாங்கப்போவதாக மேரியட் அறிவித்தது. சீனாவின் அன்பாங் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டு கூடுதல் விலையுடன் போட்டியிட்டுப் பின்னர் விலகியது. 2016 செப்டம்பர் 23 அன்று இணைப்பு நிறைவேறி, 30 வணிகப் பெயர்களைக் கொண்ட உலகின் மிகப் பெரிய விடுதிக் குழுமம் உருவானது. 2018 ஆகஸ்டில் உறுப்பினர் கணக்குகள் ஒன்றாக்கப்பட்டன. 2019 பிப்ரவரியில் திட்டத்துக்கு மேரியட் பான்வாய் என்று பெயரிடப்பட்டது.

2018 நவம்பர் 30 அன்று, ஸ்டார்வுட் முன்பதிவுத் தரவுத்தளத்தில் 2014 முதலே அத்துமீறல் நடந்துவந்ததாக மேரியட் அறிவித்தது. பாதிக்கப்பட்ட பதிவுகள் அதிகபட்சம் 38.3 கோடி எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. மறைகுறியாக்கம் செய்யப்படாத 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டு எண்களும் அவற்றுள் இருந்தன. 2020 இல் பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம் 1.84 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. பயணியின் விருப்பங்களைப் பல்லாண்டுகள் நினைவில் வைத்திருக்கும் திட்டத்துக்கு இத்தகைய இடரும் உண்டு என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

புள்ளிகள் பணமாதல்

கடன் அட்டை வழங்கும் வங்கிகள் குழுமங்களிடம் புள்ளிகளை மொத்தமாக வாங்கித் தம் வாடிக்கையாளர்களுக்கு அளிக்கின்றன. கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 இல் அறைகள் காலியானபோது, ஹில்டன் 100 கோடி டாலருக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடம் புள்ளிகளை முன்கூட்டியே விற்றது. மேரியட் தனது இரு அட்டைக் கூட்டாளிகளிடமிருந்து 92 கோடி டாலர் திரட்டியது.

அதே வேளையில் புள்ளிகளின் வாங்கும் திறன் நிலையற்றதாகியது. 2022 மார்ச்சில் மேரியட் நிலையான புள்ளி அட்டவணையைக் கைவிட்டு, அன்றைய அறை விலையை ஒட்டி மாறும் முறைக்குச் சென்றது. ஹில்டன் 2021 இல் அமெரிக்க விடுதிகளில் இலவசக் காலை உணவை நிறுத்தி, உணவுக்கான வரம்புக்குட்பட்ட தொகையை வழங்கியது. சேர்த்த புள்ளியின் மதிப்பை மாற்றும் உரிமை வழங்கும் நிறுவனத்திடமே உள்ளது.

நகர விடுதியைத் தேர்ந்தெடுத்தல்

மேரியட் திட்டத்தில் ஆண்டுக்கு 10, 25, 50, 75, 100 இரவுகள் என்ற படிநிலைகள் உள்ளன. 100 இரவுகளுக்கான உச்ச நிலைக்குச் செலவு வரம்பும் உண்டு. ஹயாட் திட்டத்தில் 10, 30, 60 இரவுகள் என மூன்று படிகள் உள்ளன. கீழ்ப்படிகளில் பெரும்பாலும் கூடுதல் புள்ளிகளும் சிறு சலுகைகளுமே கிடைக்கும். மேரியட்டில் 50 இரவுகளிலும் ஹயாட்டில் 60 இரவுகளிலும்தான் காலை உணவு, ஓய்வுக்கூட நுழைவு, மாலை 4 மணி வரை அறை, சூட் அறைக்கான வாய்ப்பு ஆகியவை சேர்கின்றன. சில கடன் அட்டைகள் இரவு கணக்கின்றியே இடைநிலைத் தகுதியை வழங்குகின்றன.

இச்சலுகைகள் ஒரே குழுமத்துக்குள்ளும் வணிகப் பெயருக்கேற்ப மாறுகின்றன. மேரியட் குழுமத்தின் ரிட்ஸ் கார்ல்டன் விடுதிகளில் உறுப்பினர் நிலைக்கென இலவசக் காலை உணவோ ஓய்வுக்கூட நுழைவோ இல்லை. அறை மேம்பாடு அன்றைய காலியிடத்தைப் பொறுத்தது. வணிக மையமான நகரங்களில் வார இறுதியில் சூட் அறைகள் காலியாக இருக்கலாம். கண்காட்சி நடக்கும் வாரத்தில் அதே விடுதியில் எந்த நிலைக்கும் மேம்பாடு கிடைப்பது அரிது. இணைய முகவர் தளங்கள் வழியாகப் பதிவு செய்தால் பொதுவாகப் புள்ளிகளும் சலுகைகளும் கிடைப்பதில்லை. முகவர்களுக்குச் செலுத்தும் தரகைத் தவிர்க்கவே, குழுமங்கள் நேரடிப் பதிவுக்கு உறுப்பினர் விலையை வழங்குகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். குழும விடுதியில் அறை 9,000 ரூபாய் எனவும், அதே தெருவில் உள்ள தனி விடுதியில் 6,500 ரூபாய் எனவும் கொள்வோம். இரவு 8 மணி விமானத்தைப் பிடிக்க வேண்டிய தம்பதியர் தனி விடுதியில் காலை உணவுக்கு 1,600 ரூபாயும், பிற்பகல் வரை அறையை வைத்துக்கொள்ள அரை நாள் வாடகையாக 3,250 ரூபாயும் செலுத்தினால் மொத்தம் 11,350 ரூபாய் ஆகும். உயர்நிலை உறுப்பினர்களான அவர்களுக்குக் குழும விடுதியில் 9,000 ரூபாயே செலவு. மிச்சம் 2,350 ரூபாய். அதே தம்பதியர் காலையிலேயே ஊர் திரும்புபவர்களாகவும், அருகில் உள்ள மெஸ்ஸில் 200 ரூபாய்க்கு இட்லியும் பொங்கலும் சாப்பிடுபவர்களாகவும் இருந்தால், தனி விடுதியில் 6,700 ரூபாய் போதும். அப்போது குழும விடுதியைத் தேர்ந்தெடுப்பதால் 2,300 ரூபாய் இழப்பு. உறுப்பினர் நிலை இரு பயணங்களிலும் ஒன்றே. பயணத்தின் தேவைதான் வேறு.

ஆண்டு இறுதியில் நிலையைத் தக்கவைக்க இன்னும் சில இரவுகள் தேவைப்படும்போது, தேவையின்றியே மலிவான அறை எடுத்துத் தங்குவோரும் உண்டு. ஓராண்டில் பெற்ற நிலை வழக்கமாக அடுத்த ஆண்டு முழுவதும் செல்லும். அதற்குள் போதிய இரவுகள் சேராவிட்டால் உறுப்பினர் கீழ்ப்படிக்கு இறக்கப்படுவார். வேலை மாறியோ ஓய்வு பெற்றோ அலுவல் பயணம் நின்றவர்கள் முதன்முதலாகத் தம் சொந்தப் பணத்தில் அறை எடுக்கும்போது, பெரும்பாலும் அந்த நிலை அவர்களிடம் இருப்பதில்லை.