காற்று மட்டும் போதாது

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தப் பழமொழிக்குள் ஒரு இயற்பியல் நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அம்மியே பறக்கும்போது மற்றதெல்லாம் எம்மாத்திரம்? பொருள் எவ்வளவு லேசோ, அவ்வளவு சுலபமாகக் காற்று அதைத் தூக்கிவிடும். யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

1930களில் லண்டனில் ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்தார். காற்றுச் சுரங்கம் ஒன்றின் தரையில் சிமெண்ட் தூளைச் சீராகப் பரப்பிவிட்டு விசிறியை ஓடவிட்டார். மணலைப் பறக்கடிக்கும் காற்று அந்தத் தூளின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. வேகத்தைக் கூட்டினார். சின்னக் கூழாங்கல்லை உருட்டுகிற வேகம் வரும்வரைக்கும் அந்தத் தூள் அப்படியே படுத்துக் கிடந்தது.

அவர் பெயர் ரால்ஃப் பாக்னால்ட். 1896இல் பிறந்தவர், பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சின் பதுங்குகுழிகளைப் பார்த்துவிட்டு, போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தார். 1926இல் எகிப்துக்கு மாற்றல் ஆனது. அங்கே விடுப்பு கிடைத்தால் மற்ற அதிகாரிகள் போலோ ஆடப் போவார்கள். இவர் ஃபோர்டு கார்களில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குள் போனார், சொந்தச் செலவில்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த இடம் ஏற்கெனவே அறிமுகமானதுதான். கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாட்ஜியின் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' நாவலில் வரும் அல்மாஸி ஒரு நிஜ மனிதரின் சாயலில் உருவானவர். அந்த நிஜ அல்மாஸியும் பாக்னால்டும் ஒரே காலத்தில் ஒரே லிபியப் பாலைவனத்தில் அலைந்தவர்கள். நாவல் அல்மாஸியைப் பிடித்துக்கொண்டது. எனக்கு என்னவோ பாக்னால்ட்தான் சுவாரஸ்யமானவராகத் தெரிகிறார். ஏன்னா, அவர் பாலைவனத்தில் எதையும் தொலைக்கவில்லை. ஒரு கேள்வியோடு திரும்பி வந்தார்.

அதற்குமுன் அவருடைய கைவேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் டயரின் காற்றை இறக்கிவிட வேண்டும். அப்போது டயர் அகலமாகப் படிந்து பாரத்தைப் பரப்பிக்கொள்ளும். கொதிக்கும் ரேடியேட்டரிலிருந்து ஆவியாகிப் போகும் தண்ணீரை ஒரு டப்பாவில் பிடித்துத் திரும்ப அனுப்பலாம். கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில், பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்த இரும்புத் தகடுகள் கிடைத்தன. அவற்றைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தால் வண்டி வெளியே வந்துவிடும். காரின் இரும்பு காந்தத் திசைகாட்டியைக் குழப்புகிறதா? சூரிய நிழலை வைத்துத் திசை பார்க்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டார். 1929, 1930, 1932 என்று பயணங்கள் நீண்டுகொண்டே போயின.

அந்தப் பயணங்களில் அவரை உறுத்தியது மணற்குன்றுகளின் ஒழுங்கு. காற்று கண்டபடி வீசுகிறது. மணல் உயிரில்லாத பொருள். அப்படியென்றால் அது தரை முழுக்கச் சீராகப் பரவிக் கிடக்க வேண்டியதுதானே? ஏன் பிறை வடிவில், ஒன்றைப்போலவே இன்னொன்றாக, குவிந்து நிற்கிறது? பிறையின் இரண்டு கொம்புகளும் ஏன் காற்று போகும் திசையையே காட்டுகின்றன?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ப்ரொடக்‌ஷனில் ஒரு பிழை வந்தால் நாங்கள் முதலில் செய்வது, அதை எங்கள் கணினியில் மறுபடி நிகழவைத்துப் பார்ப்பது. நிகழவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. 1935இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பாக்னால்ட் பாலைவனத்தையே அப்படி ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில், சுமார் 30 அடி நீளமும் ஓரடிச் சதுர வாயும் கொண்ட காற்றுச் சுரங்கத்தைத் தானே அமைத்தார். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே மணல்.

கண்ணாடி வழியாக அவர் பார்த்தது இதுதான். மணல் துகள் பறப்பதில்லை, குதிக்கிறது. காற்று அதைத் தரையிலிருந்து கிளப்புகிறது. மேலே போன துகள் அங்கே வேகமாக ஓடும் காற்றிலிருந்து வேகத்தை வாங்கிக்கொண்டு சரிவாகக் கீழே வந்து மோதுகிறது. மோதிய இடத்தில் வேறு துகள்கள் தெறிக்கின்றன. அவையும் குதிக்கின்றன. தன்னைவிட ஆறு மடங்கு குறுக்களவுள்ள பரலைக்கூட ஒரு குதிக்கும் துகளால் முன்னால் தள்ளிவிட முடியும். இந்தச் சங்கிலி ஒருமுறை ஆரம்பித்துவிட்டால், ஆரம்பிக்கத் தேவைப்பட்ட வேகம்கூட வேண்டாம், அதைவிடக் குறைந்த காற்றே போதும். காற்று கொஞ்சம் கூடினாலும் மணலின் ஓட்டம் எகிறிவிடும்: வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப, அதாவது காற்று இரட்டிப்பானால் மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு.

குன்றுகளின் ரகசியமும் இதற்குள்ளேயே இருந்தது. கூழாங்கல் தரையில் மோதும் மணல் பந்துபோல் உயரத் துள்ளி வேகமாகப் போய்விடும். மணல்மேல் விழும் மணலோ தன் வேகத்தைச் சுற்றியுள்ள துகள்களுக்குக் கொடுத்துவிட்டுத் தளர்ந்துபோகும். ஆகவே ஏற்கெனவே மணல் இருக்கும் இடத்தில்தான் மணல் சேரும். சின்னத் திட்டு பெரிய திட்டாகும். காற்று வரும் பக்கம் மெல்லிய சரிவு. மறுபக்கம் உச்சியிலிருந்து சரிந்து விழும் மணல், ஏறக்குறைய 33 பாகைக் கோணத்தில் நிற்கும். இப்படி முன்னால் கொட்டிக் கொட்டியே குன்று நகர்கிறது. ஓரங்களில் மணல் குறைவு; நகர்த்தச் சரக்கு குறைவு என்பதால் ஓரங்கள் நடுவை முந்திக்கொண்டு போகின்றன. அவைதான் பிறையின் கொம்புகள். சின்னக் குன்று பெரிய குன்றைவிட வேகமாக நகர்வதும் இதே கணக்குதான்.

இப்போது சிமெண்டுக்கு வருவோம். தரையை ஒட்டிக் காற்று அமைதியாக நழுவும் மிக மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. நுண்தூள் அதற்குள் அமிழ்ந்து கிடக்கும். போதாக்குறைக்குத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். காற்று சுலபமாகக் கிளப்பக்கூடியது சுமார் 0.08 மில்லிமீட்டர் மணல்தான். அதைவிடச் சிறியதாகப் போகப்போகக் கிளப்புவது கடினம். ஆனால் அந்தத் தூளின்மேல் குதிக்கும் மணலைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். மோதுகிற ஒவ்வொரு துகளும் தூளைத் தெறிக்கவைக்கும். ஒருமுறை மேலே போய்விட்ட தூள், மணல் மாதிரி உடனே இறங்காது. நாடு விட்டு நாடு போகும்.

அதாவது, தூசியைக் காற்று சுமக்கும். கிளப்புவது பெரும்பாலும் வேறொன்று.

பாக்னால்ட் லண்டனில் மணலை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அமெரிக்கச் சமவெளிகள் பறந்துகொண்டிருந்தன. முதல் உலகப் போரை ஒட்டிக் கோதுமை விலை ஏற, புல்வெளிகளை டிராக்டர்கள் புரட்டிப்போட்டிருந்தன. பிறகு விலை சரிந்தது, வறட்சியும் வந்தது. 1934 மே மாதப் புயல் சமவெளியின் மண்ணை நியூயார்க் வரை கொண்டுபோனது. 1935 ஏப்ரல் 14 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர் பெற்றது. அதே மாதம் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சமவெளியில் காற்றும் வறட்சியும் அதற்கு முன்பும் இருந்தவைதான். புல்வேர் மட்டும்தான் இப்போது இல்லை.

பின்னாளில் கனடாவிலும் பிறகு கான்சாஸிலும் வேலை செய்த மண்ணியலாளர் வில்லியம் செப்பில், பாக்னால்டின் வழியைப் பின்பற்றி வயல் மண்ணை ஆராய்ந்தார். அங்கேயும் கதை அதேதான், குதிக்கும் துகளே ஆரம்பம். இதில் நடைமுறைக்கு ஒரு பாடம் கிடைத்தது. தூசியை நிறுத்த வேண்டுமென்றால் தூசியோடு மல்லுக்கட்டக் கூடாது, குதிக்கும் மணலை நிறுத்த வேண்டும். அறுவடைக்குப் பின் தாளை வயலிலேயே விட்டுவைப்பது, மண்கட்டிகளை உடைக்காமல் விடுவது, காற்றுக்குக் குறுக்கே மரவரிசை வைப்பது எல்லாம் துகளின் ஓட்டத்தை நடுவழியில் மறிக்கும் வேலைகள்தான்.

1939இல் போர் வந்தது. பாக்னால்டை மறுபடி பணிக்கு அழைத்துக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். மத்தியதரைக் கடலில் அவருடைய கப்பல் மோதி சேதமாகி போர்ட் செய்தில் நின்றது. அந்த விபத்தால் அவர் எகிப்திலேயே தங்க நேர்ந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பாலைவனத்துக்குள் ஊடுருவும் ரோந்துப் படை ஒன்றை ஜெனரல் வேவலிடம் முன்மொழிந்தார். ஆறே வாரத்தில் படை தயாரானது: 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்'. டயர் காற்றும் இரும்புத் தகடும் சூரியத் திசைகாட்டியும் இப்போது ஆயுதங்களாயின. விடுமுறை விளையாட்டு போர்த் தந்திரமானது. மணலைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்த 1941இல், அவர் அந்த மணலிலேயே போரில் இருந்தார்.

அந்தப் பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில், அலெக்சாந்திரியாவுக்கு மேற்கே மரியூத் பகுதியில், இன்னொரு ஆங்கிலேயர் வசித்தார். பிரான்சிஸ் ஆலிவர், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், எழுபது வயதைத் தாண்டியவர். போர் நடந்த ஆண்டுகளில் அவர் அங்கே புழுதிப்புயல்களைக் கணக்கெடுத்தார். 1945இல் புவியியல் இதழ் ஒன்றில் அதை வெளியிட்டார். போருக்கு முன் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். டாங்கிகளும் லாரிகளும் எல் அலமைன் சுற்றுவட்டாரத்தை உழுத ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. சண்டை மேற்கே நகர்ந்ததும் மறுபடி இறங்கியது.

காற்று அதே காற்றுதான். அந்தத் தரையின் மேலிருந்த பொருக்கையும் பரலையும் குத்துச்செடிகளையும் சக்கரங்கள் உடைத்திருந்தன. அடியில் காலங்காலமாகப் படுத்துக்கிடந்த நுண்மண் வெளியே வந்தது, அதன்மேல் மணல் குதித்தது. சுரங்கத்தில் சிமெண்டுக்கு நடந்ததுதான் ஒரு தேசத்தின் அகலத்துக்கு நடந்தது. ஆலிவரின் கணக்கைப் படித்தபோது என்னைத் தொந்தரவு செய்தது அந்த ஏற்றம் அல்ல, இறக்கம். படைகள் போனதும் புயல்களும் குறைந்தன என்றால், இயற்கைச் சீற்றம் என்று நாம் பேர் வைப்பதில் எவ்வளவு நம்முடையது?

பாக்னால்ட் 94 வயது வரை, 1990 வரை, வாழ்ந்தார். செவ்வாயில் மணற்குன்றுகள் தெரிந்தபோது விஞ்ஞானிகள் அவருடைய சமன்பாடுகளைத்தான் எடுத்தார்கள். 2015இல் க்யூரியாசிட்டி ஊர்தி போய் நின்ற செவ்வாய்க் குன்றுகளுக்கு அவர் பெயர்தான். அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல். ஆனாலும் மணல் ஊர்கிறது, தூசி எழுகிறது. அங்கே பழிபோட மனிதர் யாரும் இல்லை.

இங்கே அப்படி இல்லை. மரியூத்தில் மழை கொஞ்சம் பெய்யும், செடி முளைக்கும், தரை மெல்ல மூடிக்கொண்டது. தெற்கே மழையே காணாத பரல் சமவெளிகளில் இரண்டாம் உலகப் போர் வண்டிகளின் சக்கரத் தடங்கள் இன்றும் தெரிகின்றன. எண்பது ஆண்டுக் காற்றால் அவற்றை அழிக்க முடியவில்லை.