நீர்க்கட்டி என்னும் பெயரும் ஆண்ட்ரோஜனின் மூலமும்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு முதலில் மலபார் தெரு என்று வழங்கிற்று. அங்கு வாழ்ந்த தமிழரோ பெரிதும் சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து கலமேறி வந்தவர்கள். மேற்குக் கரைக்குரிய பெயரை அவர்கள்மீது ஏற்றியவர் ஐரோப்பியர். வந்த இடத்தைத் தவறாகச் சுட்டிய பெயர் அது. மருத்துவத்திலும் இத்தகைய பெயர் ஒன்று உண்டு. 'சினைப்பை நீர்க்கட்டி' என்று நாம் வழங்கும் நோயின் பெயரே அது.

மாதவிடாய் தவறுதல், முகத்தில் மயிர் வளர்தல், முகப்பரு, மகப்பேறு தள்ளிப்போதல் ஆகியன இந்நோயின் குறிகள். இவற்றுள் பலவற்றுக்கு அடிப்படை, பெண்ணுடலில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் மிகுவதாகும். ஆண்ட்ரோஜன் பெண்ணுக்கு அயலானதன்று. ஈஸ்ட்ரோஜன் அதிலிருந்தே ஆக்கப்படுகிறது. கேடு தருவது அதன் மிகை. அம்மிகை எங்கிருந்து வருகிறது என்பதே அறிஞரின் நெடுநாள் வினா.

1721இல் இத்தாலியின் வல்லிஸ்னேரி, மகப்பேறற்ற இளம்பெண் ஒருத்தியின் சினைப்பைகள் பருத்து வெளுத்திருந்ததைப் பதிவு செய்தார். 1921இல் பாரிசில் அஷாரும் தியேரும் தாடி வளர்ந்த பெண்களிடம் நீரிழிவைக் கண்டனர். 1935இல் சிகாகோவின் ஸ்டெயினும் லெவந்தாலும் ஏழு பெண்களின் சினைப்பையில் ஒரு பகுதியை அறுத்தெடுத்தனர்; எழுவருக்கும் மாதவிடாய் திரும்பியது. ஆகவே, மூலம் சினைப்பையே என்ற கருத்து வலுப்பெற்றது.

அக்கருத்தில் உண்மை உண்டு. சினைமுட்டையைச் சூழ்ந்த நுண்பையின் புறத்தே உள்ள தீக்கா உயிரணுக்களே ஆண்ட்ரோஜனை ஆக்குகின்றன. நோயுற்றோரின் தீக்கா உயிரணுக்கள், உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டபோதும் அதனை மிகுதியாகச் சுரந்தன என்று 1990களின் ஆய்வுகள் காட்டின. பிட்யூட்டரியிலிருந்து வரும் எல்.எச். என்னும் இயக்குநீர் அவற்றை மேலும் தூண்டுகிறது.

ஆயினும் சினைப்பை மட்டுமே மூலமன்று. நோயுற்றோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத்தின்மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பியும் ஆண்ட்ரோஜனை மிகுதியாகச் சுரக்கிறது. கொழுப்புத் திசுவும் தோலும் வலிமை குறைந்த ஆண்ட்ரோஜனை வலியதாக மாற்றுகின்றன. 1980இல் மெம்பிஸ் நகர அறிஞர்கள், இப்பெண்களின் இன்சுலின் அளவும் ஆண்ட்ரோஜன் அளவும் சேர்ந்தே உயர்வதைக் கண்டனர். இன்சுலின் மிகும்போது தீக்கா உயிரணுக்கள் தூண்டப்பெறுகின்றன. ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைத்தே ஆக்குகிறது. கட்டற்ற ஆண்ட்ரோஜன் குருதியில் பெருகுகிறது. பாரிசில் தாடியும் நீரிழிவும் ஒருங்கே காணப்பட்டதன் பொருள் இவ்வாறு விளங்கலாயிற்று.

இவ்வரலாறு நமக்கு உரியதே. இலங்கையின் கம்பகாவில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வு, 15 முதல் 39 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு ஆறு பேரளவில் இந்நோய் இருந்ததைக் காட்டியது.

'நீர்க்கட்டி' என்று கேட்ட தாய், மகளின் வயிற்றில் கட்டி வளர்கிறது என்றே அஞ்சுகிறாள். அறுத்தெடுத்தால் தீரும் என்றும் நம்புகிறாள். உண்மையில் அவை கட்டிகளல்ல. வளர்ச்சி இடையில் நின்ற சினைமுட்டை நுண்பைகள். 2003இல் ராட்டர்டாமில் வகுத்த வரையறைப்படி, அவை காணப்படாமலே ஒருத்திக்கு இந்நோய் இருக்கலாம். கட்டி இல்லை என்று கேட்டு ஆறுதலடைபவள், இன்சுலினால் வரக்கூடிய நீரிழிவைக் கவனியாது விடவும் கூடும்.

ஆதலின் ஆசிரியர்களாகிய நாம் இச்சொல்லைக் கற்பிக்கும்போது, அது நோயின் தோற்றத்தை மட்டும் கூறும் பெயர் என்பதையும், சினைப்பை, அட்ரீனல், கொழுப்பு, இன்சுலின் ஆகியவற்றின் கூட்டுச் செயலையும் உடன் சொல்லுதல் கடன். மலபார் தெருவின் பெயரும் ஒருநாள் மாறியது. பொருளுக்கேற்ற பெயரை இந்நோய்க்கும் தமிழில் ஆக்குவது மாணவர்களின் பணியாகட்டும்.