நிலம் தந்த கல்வி

உள்நாட்டுப் போரில் நாடு சிக்கித் தவிக்கும் வேளையில் உயர்கல்வியைப் பற்றி எந்த அரசு சிந்திக்கும்? 1862 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், அத்தகைய அரிய சிந்தனையின் விளைவு.

சட்டத்தைக் கொணர்ந்த ஜஸ்டின் மோரில், வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லர் ஒருவரின் மகன். பதின்பருவத்திலேயே படிப்பை நிறுத்திவிட்டுக் கடை வேலைக்குச் சென்றவர். தமக்குக் கிட்டாத கல்லூரிக் கல்வி உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்ட வேண்டும் என்று 1857-இல் மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்றம் நிறைவேற்றியும், 1859-இல் அதிபர் ஜேம்ஸ் புக்கானன் வீட்டோ அதிகாரத்தால் அதைத் தடுத்தார். மோரில் மீண்டும் முயன்று வென்றார்.

சட்டத்தின் பொருளாதாரம் எளிமையானது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் அரசு நிலம். அதை விற்று வரும் தொகையை முதலீடு செய்து, வட்டியைக் கொண்டு வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரியை நடத்த வேண்டும். கட்டடம் கட்ட அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. அசல் குறைந்தால் மாநிலமே ஈடுசெய்ய வேண்டும்.

பல மாநிலங்கள் அவசரமாக விற்றதால் நிலப் பத்திரங்களின் விலை சரிந்தது. நியூயார்க்குக்குக் கிடைத்தது ஏறத்தாழ 9.9 லட்சம் ஏக்கர். வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான எஸ்ரா கார்னெல், அந்த நிதியை இரு கல்லூரிகளுக்குப் பகிரலாம் என்றே முதலில் கருதினார். மாநில மேலவையில் அவருடன் உறுப்பினராக இருந்த வரலாற்றுப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஒயிட், நிதியைச் சிதறவிடக் கூடாது என்று உறுதியாக நின்றார். கார்னெல் இணங்கியதோடு, 5 லட்சம் டாலரையும் இதாகா நகரிலிருந்த தமது பண்ணையையும் வழங்கினார். 1865-இல் கார்னெல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஒயிட் அதன் முதல் தலைவரானார்.

விலை சரிந்த பத்திரங்களைக் கார்னெல் தாமே வாங்கி, விஸ்கான்சின் மாநிலத்தின் பைன் காடுகளைத் தேர்ந்து, வரி செலுத்திக் காத்திருந்தார். பலனைக் காணாமலேயே 1874-இல் மறைந்தார். பின்னாளில் அந்நிலங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஈட்டித் தந்தது சுமார் 50 லட்சம் டாலர்.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. அந்தக் காடுகள், ஓஜிப்வே பழங்குடியினர் ஒப்பந்தங்களின் பெயரால் இழந்தவை. தென் மாநிலக் கல்லூரிகளின் கதவுகளோ கறுப்பின மாணவர்களுக்கு மூடியே கிடந்தன. 80 வயதில், 1890-இல், மோரில் இரண்டாவது சட்டத்தைக் கொண்டுவந்தார். நிற வேறுபாடின்றிச் சேர்க்க வேண்டும்; இல்லையேல் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி நடத்த வேண்டும் என்றது அது. அந்த நீதியும் அரைகுறையே. ஆயினும் பல கறுப்பினக் கல்லூரிகள் அதனால் எழுந்தன.

1960-இல் பந்த்நகரில் தொடங்கிய இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் இந்த நிலக்கொடைக் கல்லூரிகளே முன்மாதிரி.

பொதுச் சொத்தை ஒருமுறைதான் விற்க முடியும். விற்ற பணம் அன்றாடச் செலவில் கரைகிறதா, அடுத்த தலைமுறையின் கல்வியாக நிலைக்கிறதா என்பதே கேள்வி. அதோடு, அந்தச் சொத்து யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவும் மறக்கலாகாது.