ஸ்டென்ட் விலையும் மருத்துவமனை ரசீதும்: ஹைதராபாத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

1990களின் இந்தியாவில் இதய நாள அடைப்புக்கு ஸ்டென்ட் பொருத்திக்கொள்வது வசதி படைத்தோர்க்கே இயல்வதாக இருந்தது. கருவி வெளிநாட்டிலிருந்து வந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது. ஏவுகணை ஆய்வுக்காக ஹைதராபாத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய அப்துல் கலாமும், அந்நகரின் இதயநோய் மருத்துவர் சோமராஜுவும் பாதுகாப்பு ஆய்வுத் துறையின் உலோகவியல் அறிவைத் துணைகொண்டு மலிவான ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினர். கலாம்–ராஜு ஸ்டென்ட் என்று அது பெயர் பெற்றது. ஆயினும் அதன்பின் இருபது ஆண்டுகள் சந்தையில் இறக்குமதிக் கருவிகளின் ஆதிக்கமே நீடித்தது. உற்பத்திச் செலவைக் குறைப்பதால் மட்டும் நோயாளி செலுத்தும் தொகை குறைந்துவிடாது என்பதை இந்த அனுபவம் காட்டிற்று. எஞ்சியிருந்த வழி சட்டம்.

மருந்து விலைக் கட்டுப்பாடு இந்தியாவுக்குப் புதிதன்று. சீனப் போரை ஒட்டி, 1962–63இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதல் ஆணைகள் பிறந்தன. 1970ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தை அடித்தளமாகக் கொண்டது. 1979இல் 347 மூலமருந்துகள் கட்டுப்பாட்டில் இருந்தன. 1987இல் அவை 142 ஆயின. 1995இல் 74ஆகச் சுருங்கின. கட்டுப்பாடு தளர்ந்த அதே காலத்தில் ஹைதராபாத் மூலமருந்து உற்பத்தியின் தலைநகராக வளர்ந்தது. சோவியத் உதவியுடன் அமைந்த ஐ.டி.பி.எல். ஆலையில் பயின்றவர்கள் பின்னர் தனியார் நிறுவனங்களைத் தொடங்கினர். பெரும் தனியார் மருத்துவமனைகளும் அந்நகரிலேயே எழுந்தன. மருந்தின் ஆலை விலைக்கும் படுக்கையருகே அதற்கு விதிக்கப்படும் விலைக்கும் உள்ள தூரத்தை ஒரே நகருக்குள் அளந்துவிடலாம் என்ற நிலை உருவாயிற்று.

ஸ்டென்ட் 2016இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கும் அரசை நெருக்கியது. 2017 பிப்ரவரி 13 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பை அறிவித்தது: சாதாரண உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். பின்னதன் சராசரி விலை அதுவரை ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒட்டியிருந்தது. விநியோகச் சங்கிலியில் மிகப் பெரிய இலாபம் மருத்துவமனைகளிடமே சேர்ந்ததை ஆணையத்தின் தரவுகள் வெளிப்படுத்தின. எனவே ஸ்டென்ட்டின் விலை, பெயர், தொகுதி எண் ஆகியவற்றை ரசீதில் தனியே குறிக்க வேண்டும் என்றும் ஆணை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் வரம்பு வந்தது.

ஓராண்டு கழித்து, தலைநகர் வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளது ரசீதுகளை ஆணையம் ஆராய்ந்தது. விலைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகள் மொத்தத் தொகையில் சுமார் 4 விழுக்காடு மட்டுமே. கட்டுப்பாடற்ற மருந்துகளோ ஏறத்தாழ 26 விழுக்காடு. சில பொருட்களில் இலாபம் 1,737 விழுக்காடு வரை எட்டியிருந்தது. இதில் பெரும்பாலும் சட்டமீறல் இல்லை என்பதே கவனத்துக்குரியது. மொத்தமாக வாங்கும் மருத்துவமனை, உறையில் உயர்ந்த சில்லறை விலையை அச்சிடுமாறு உற்பத்தியாளரை இணங்கச் செய்ய முடியும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்காதவரை அது சட்டத்துக்குள் நிற்கிறது. நோயாளிக்கோ வேறு கடையைத் தேடும் வாய்ப்பு அரிது.

பெருந்தொற்றுக் காலம் இச்சிக்கலை ஹைதராபாத்துக்கே கொண்டுவந்தது. 2020 ஜூனில் தெலங்கானா அரசு தனியார் மருத்துவமனைகளுக்கான கோவிட் கட்டணத்தை நாளொன்றுக்கு வரையறுத்தது: தனிமைப் பிரிவு 4,000 ரூபாய்; தீவிர சிகிச்சை 7,500; செயற்கைச் சுவாசக் கருவியுடன் 9,000. இங்கு தனிப்பொருளுக்கன்றி, ஒரு நாள் சிகிச்சைக்கே வரம்பு. ஆனால் விலையுயர்ந்த மருந்துகளும் உயர்நிலைப் பரிசோதனைகளும் அவ்வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன. அதிகக் கட்டணம் பற்றிய புகார்கள் குவிந்தன. ஆகஸ்டில் நகரின் இரு மருத்துவமனைகள் கோவிட் சிகிச்சைக்கான அனுமதியை இழந்தன.

இவ்விரு முயற்சிகளும் எதிர்த் திசைகளிலிருந்து ஒரே இடைவெளியைக் காட்டுகின்றன. மத்திய ஆணை பொருளுக்கு விலை வைத்தது. சிகிச்சைக் கட்டணத்தைத் தொடவில்லை. மாநில ஆணை சிகிச்சைக்கு விலை வைத்தது. விலையுயர்ந்த மருந்துகளை விட்டுவிட்டது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வகுத்த சட்டத்தின் கண்ணில் மருந்து ஒரு சரக்கு. நோயாளி எதிர்கொள்வதோ சரக்கும் சேவையும் பிரிக்க முடியாதபடி கலந்த ஒரு ரசீதை. மருத்துவமனை மருந்தகங்களிலேயே வாங்கும்படி நோயாளிகள் கட்டாயப்படுத்தப்படுவதை எதிர்த்த வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நேரடி உத்தரவு எதையும் பிறப்பிக்கவில்லை. கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. ஸ்டென்ட்டின் விலை குறைந்தது மெய்யான வெற்றி. அந்த வெற்றி ரசீதின் ஒரு வரியோடு நிற்பதற்குக் காரணம், எஞ்சிய வரிகளை ஒன்றாகப் படிக்கும் சட்டம் இன்னும் இயற்றப்படாததே.