இறங்கும் இடம் யாருடையது?

1930 மே மாதத்தில் ஒருநாள், ஜான்சி ராணுவ முகாமின் அணிவகுப்பு மைதானத்தில் ஒரு சிறு விமானம் இறங்கியது. அது அலகாபாத் வரை போயிருக்க வேண்டும். எரிபொருள் போதவில்லை. மைதானத்தின் எல்லைக்குள் நிற்க முடியாமல் ஓடி, இறக்கை அடிபட்டு நின்ற அந்த விமானத்தை ஓட்டி வந்தவர் எமி ஜான்சன். வயது 26. லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மே 5ஆம் தேதி இங்கிலாந்தின் குராய்டனிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி, ஆறு நாளில் கராச்சி வந்து சேர்ந்திருந்தார். மே 24இல் ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தபோது, அந்த வழியைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் என்று உலகம் அவரைக் கொண்டாடியது.

பறந்த தூரத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். அவர் எங்கெங்கே இறங்கினார், இறங்கிய இடத்தில் யார் இருந்தார்கள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் பறந்த வரலாற்றை இறங்கிய இடங்களிலிருந்து வாசித்தால் வேறு சில செய்திகள் கிடைக்கின்றன.

எமி ஓட்டியது ஜிப்சி மாத் வகை விமானம். மரச்சட்டத்தில் துணி போர்த்திச் செய்தது, இரண்டடுக்கு இறக்கை, திறந்த இருக்கை. அதில் வானொலி கிடையாது. மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கீழே தெரியும் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை தேவையில்லை, ஒரு நல்ல மைதானம் போதும். ஆனால் எது நல்ல மைதானம் என்று மேலிருந்து சொல்லிவிட முடியாது. புல் மூடிய பள்ளம் சமதளம் போலத் தெரியும். ஈரமண் சக்கரத்தைக் கவ்விக்கொண்டால் விமானம் மூக்குக் குப்புறக் கவிழும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதை அடுப்புப் புகையையும் கொடியில் காயும் துணியையும் பார்த்துத் தெரிந்துகொண்டு, காற்றுக்கு எதிராக இறங்க வேண்டும். முதலில் ஒருமுறை தாழப் பறந்து பார்த்துவிட்டு, மறுமுறைதான் இறங்குவார்கள்.

ரங்கூன் அருகே இன்செயினில் ஒரு தொழில்நுட்பப் பயிலகத்தின் விளையாட்டு மைதானத்தில் எமி இறங்கினார். விமானம் பள்ளத்தில் போய் விழுந்தது. இறக்கையும் உந்துவிசிறியும் சேதமாயின. பயிலகத்தைச் சேர்ந்தவர்கள் பழுதுபார்த்தார்கள். முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்திருந்த சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டதாகச் சொல்கிறார்கள். எமியும் எஞ்சின் வேலை தெரிந்தவர், விமானப் பொறி பழுதுபார்ப்பதற்கான உரிமம் பெற்றவர். அவர் திறமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் ஜான்சி மைதானமும் இன்செயின் பயிலகமும் பிரிட்டிஷ் பேரரசு போட்டு வைத்தவை. ராணி லட்சுமிபாயின் ஊரில், பேரரசின் படை அணிவகுக்கும் தரையில் இறங்கிய வெள்ளைப் பெண்ணுக்கு உதவி ஓடிவந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு அந்தத் தரை எந்த விதத்திலும் சொந்தமில்லை. ஒரு பெண் பறந்தாள் என்று எழுதும்போது, அவளைத் தாங்கிய தரை யாருடையது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தியப் பெண்களுக்கு அந்தத் தரை பறத்தல் மன்றங்களின் வழியே கிடைத்தது. 1920களின் இறுதியில் டெல்லி, கராச்சி, பம்பாய், சென்னை என்று ஃப்ளையிங் கிளப்கள் தோன்றின. உறுப்பினர் கட்டணமும் பயிற்சிச் செலவும் கட்டக்கூடிய குடும்பங்களுக்கு மட்டுமே அவற்றின் கதவு திறந்தது. 1932இல் ஊர்மிளா பாரிக் விமானி உரிமம் பெற்றார். 1936இல் லாகூரில் சர்லா தக்ரால், நான்கு வயதுக் குழந்தைக்குத் தாயாக, புடவை கட்டிக்கொண்டு ஜிப்சி மாத்தைத் தனியாக ஓட்டினார். அவருடைய கணவர் அஞ்சல் விமானி. கணவர் வீட்டின் ஊக்கத்தால்தான் பறக்க வந்தார். 1939இல் கணவர் விமான விபத்தில் இறந்தார். உலகப் போர் தொடங்கியதும் குடிமக்களுக்கான பயிற்சி நின்றது. தொழில்முறை உரிமத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த சர்லா, லாகூரில் ஓவியம் படிக்கப் போனார். பிறகு ஓவியம், நகை, துணி வடிவமைப்பு என்று வாழ்க்கையை மறுபடி கட்டினார். ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கு மீண்டும் விமானத்தில் ஏற வழியில்லாமல் போயிற்று.

சென்னையில் 1924இல் பிறந்த உஷா சுந்தரத்தின் கதையும் கணவரின் வழியாகவே தொடங்குகிறது. அவருடைய கணவர் வி. சுந்தரம் மைசூர் மகாராஜாவின் விமானி. பெங்களூர் ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி வந்தபோது, அதில் பயின்று 1949இல் முதலில் தேறியவர் உஷா. சுதேச சமஸ்தானங்களை இணைக்கும் பேச்சுக்காக வல்லபாய் படேல் ஊர் ஊராகச் சென்ற நாட்களில், துணை விமானியாக உஷா பறந்தார். 1951இல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தைத் தம்பதியர் இருவரும் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். 1959இல் இருவரும் சேர்ந்து சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று தெருநாய்களைப் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வரும் அந்தப் பெயரின் பின்னால் ஒரு பெண் விமானி இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பொது அறிவு நூல்களில் இவர்கள் எல்லோருமே 'முதல் பெண்' என்ற பட்டத்தோடு வருகிறார்கள். யார் உண்மையில் முதல் என்ற சச்சரவும் தொடர்கிறது. முதல் பெண் என்ற பட்டம் ஒருத்திக்குத்தான் கிடைக்கும். அவளைத் தனியாக நிறுத்தி மாலை போட்டுவிட்டால், இரண்டாவதாக வருகிறவளுக்கு வழி செய்ய வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

அமெரிக்கப் பெண் விமானிகள் இதற்கு ஒரு விடை கண்டார்கள். 1929 நவம்பர் 2ஆம் தேதி, நியூயார்க் அருகே கர்டிஸ் ஃபீல்டு விமானத் திடலின் கொட்டகை ஒன்றில் 26 பெண்கள் கூடினார்கள். அருகில் எஞ்சின் இரைந்துகொண்டிருக்க, கருவிகள் வைக்கும் தள்ளுவண்டியில் தேநீர் வந்தது. நாட்டில் உரிமம் பெற்றிருந்த 117 பெண்களுக்கும் அழைப்பு போயிருந்தது. 99 பேர் சேர்ந்தார்கள். அமைப்புக்கும் அந்த எண்ணையே பெயராக வைக்கலாம் என்றவர் அமீலியா இயர்ஹார்ட். தலைவியின் பெயரையோ புரவலரின் பெயரையோ வைக்காமல், வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பெயராக வைத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவர்களில் சிலர் செய்த இன்னொரு வேலை அதைவிட முக்கியமானது. 1930களின் நடுவில் அமெரிக்க அரசு, வழிதவறும் விமானிகளுக்காக ஊர்ப்பெயர்களைக் கூரைகளில் எழுதும் திட்டத்தைத் தொடங்கியது. ஃபீபி ஓம்லி வகுத்த அந்தத் திட்டத்தை லூயிஸ் தேடன், பிளான்ச் நோயஸ், ஹெலன் ரிச்சி போன்ற பெண் விமானிகள் ஊர் ஊராகப் பறந்து நிறைவேற்றினார்கள். 15 மைலுக்கு ஒன்றாக, களஞ்சியக் கூரையிலும் தொழிற்சாலைக் கூரையிலும் பெரிய எழுத்தில் ஊரின் பெயரும், அருகிலுள்ள இறங்குதளத்தின் திசையும் எழுதப்பட்டன. ஹெலன் ரிச்சி முன்பு பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்தவர். ஆண் விமானிகளின் சங்கம் உறுப்பினராகச் சேர்க்க மறுத்ததால் அங்கிருந்து விலகியவர். தனக்கு இடம் கொடுக்காத தொழிலில், எல்லோரும் பத்திரமாக இறங்க வழி எழுதிக் கொடுத்தார். சாதனைப் பட்டியல்களில் இந்த வேலைக்கு இடமில்லை. இதுவும் வீட்டுவேலை மாதிரிதான். செய்தால் கண்ணுக்குத் தெரியாது, செய்யாவிட்டால் உயிர் போகும்.

இந்தியாவில் 1967இல் இந்தியப் பெண் விமானிகள் சங்கம் உருவானது. தனித்தனியாகப் பறந்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க ஓர் இடம் கிடைத்தது. இன்று உலகில் விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 5 சதவீதம். இந்தியாவில் அது இரண்டு மடங்குக்கும் மேல். இந்த எண்ணிக்கை ஒரு 'முதல் பெண்'ணால் வந்ததில்லை. பயிற்சிக்கு இடம், கடனுதவி, வேலையில் மகப்பேறு விடுப்பு என்று தரையில் நடந்த மாற்றங்கள் பலவற்றின் பலன் அது.

நான் வாழும் திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் வேலூர் அப்துல்லாபுரத்தில் ஒரு சிறு தளமும், உளுந்தூர்பேட்டையில் உலகப் போர்க் காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுபாதையும் உண்டு. வானொலியில்லாத அந்தக் காலத்து விமானிக்கு எங்கள் ஊரின் பெயரைக் கூரையில் எழுதிக் காட்ட வேண்டியிருக்காது. 2,668 அடி மலையும் 217 அடி ராஜகோபுரமும் போதும். ஆனால் இறங்கச் சொன்னால்? சுற்றிலும் வரப்பு கட்டிய கழனி, கைப்பிடிச் சுவரில்லாத பெரிய கிணறுகள், பனைமரங்கள். கோடையில் வற்றிய ஏரி சமதளமாகத் தெரியும், உள்ளே வண்டல் மண் வாய் பிளந்திருக்கும். ஆடிக் காற்று எப்போது திசை மாறும், எந்த நிலம் காய்ந்த பிறகும் அடியில் ஈரம் வைத்திருக்கும் என்பதெல்லாம் இங்கே வேர்க்கடலை பிடுங்கும் பெண்களுக்குத் தெரியும். விமானி மேலிருந்து தேடும் அறிவு அவர்களின் காலடியில் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நிலத்தின் பட்டா இல்லை.

மேலிருந்து பார்க்கும்போது காலியாகத் தெரியும் நிலம் கீழே காலியாக இருப்பதில்லை. 2022இல் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்ற அறிவிப்பு வந்தபோது ஏகனாபுரத்துப் பெண்கள் தெருவுக்கு வந்து சொன்னது அதைத்தான். கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள், மாலை நேரங்களில் கூடிப் போராடினார்கள். அவர்களைப் பெண் விமானிகளின் எதிரிகளாகக் காட்டுவது எளிது. பறக்கும் பெண்ணும் நடவு நடும் பெண்ணும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தத் தரையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் எங்களுக்கு நாற்காலி உண்டா?

அடுத்த முறை ஒரு 'முதல் பெண் விமானி'யின் படம் செய்தித்தாளில் வரும்போது மாணவிகள் அதை வெட்டி வைத்துக்கொள்ளட்டும். கூடவே அவள் எங்கே இறங்கினாள், அங்கே யார் காத்திருந்தார்கள், அந்த மண் அதுவரை யாருக்குச் சோறு போட்டது என்று கேட்டு எழுதி வைக்கட்டும். நம்முடைய வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன.