நாலு வயரோட கதை: பிக்கப் டிரக்குக்குப் பின்னாடி ஒரு வரலாறு

இந்த எபிசோடு ஒரு பிளாஸ்டிக் பிளக்கைப் பத்தினது. அமெரிக்காவுல பிக்கப் டிரக் வெச்சிருக்கிறவர் டிரெய்லர் இழுக்க வயரிங் ஹார்னஸ் வாங்கப் போனா, கடையில முதல்ல கேக்கிறது: நாலு பின்னா, ஏழு பின்னா? அந்த நாலு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்க 1939-க்குப் போகணும்.

அந்த வருஷம்தான் பியூக் கார்கள்ல விட்டுவிட்டு மின்னுற இண்டிகேட்டர் வந்தது. அதுவும் பின்பக்கம் மட்டும். முன்பக்கத்துக்கு அடுத்த வருஷம். இண்டிகேட்டர் பரவினப்போ அமெரிக்கக் கம்பெனிகள் பிடிச்ச வழி சிக்கனமானது: பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்பு. மிதிச்சா நிலையா எரியும், திரும்பினா மின்னும். ரெண்டும் சேர்ந்து வந்தா? ஸ்டீயரிங் தண்டுல இருக்கிற ஸ்விட்ச், திரும்புற பக்கத்து பல்பைப் பிரேக்கிலிருந்து பிரிச்சு ஃபிளாஷருக்குக் கொடுத்துடும். மறுபக்கம் பிரேக் லைட்டாவே எரியும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத காலத்துக்கு இது ரொம்ப அழகான வேலை!

இப்போ எண்ணிப் பாருங்க. இடது பல்புக்கு மஞ்சள் வயர், வலதுக்குப் பச்சை, டெயில் லைட்டுக்குப் பழுப்பு, எர்த்துக்கு வெள்ளை. நாலே வயர்ல முடிஞ்சுது.

ஐரோப்பாவுல இண்டிகேட்டர்னா தனி பல்பு, ஆரஞ்சு நிறம். ஜப்பான்லயும் அந்த வழிதான், நம்ம ஊர் வண்டிகளும் அப்படித்தான். இந்த மாதிரி வண்டி அமெரிக்க டிரெய்லரை இழுக்கும்போதுதான் சிக்கல். வண்டி அனுப்புறது மூணு சிக்னல்: பிரேக், இடது, வலது. டிரெய்லருக்குத் தெரிஞ்சது ரெண்டு. நடுவுல மொழிபெயர்க்க ஒரு குட்டிப் பெட்டி வேணும். அதுதான் கன்வெர்ட்டர்.

அதனால வாங்கும் முன்னாடி ஒரு ஆளைப் பின்னாடி நிக்க வெச்சு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இண்டிகேட்டர் போட்டுப் பாருங்க. பிரேக் எரிஞ்ச அதே பல்பு மின்னினா கன்வெர்ட்டர் தேவையில்லை. பக்கத்துல ஆரஞ்சு தனியா மின்னினா தேவை. இதைப் பார்க்காம மாட்டினா டிரெய்லர்ல பிரேக் லைட் எரியாமலே ஓட்டிட்டுப் போகலாம். ஓட்டுறவருக்கு அது தெரியவும் தெரியாது. தெரிய வேண்டியது பின்னாடி வர்ற காருக்கு.

ஏழு பின் விஷயம் சின்னது. டிரெய்லர்லயே எலக்ட்ரிக் பிரேக் இருந்தா அது வேணும்: நீல வயர் பிரேக்குக்கு, கறுப்பு 12 வோல்ட்டுக்கு, நடு பின் வழக்கமா ரிவர்ஸ் லைட்டுக்கு. நாலை ஏழாக்குற அடாப்டர் விக்கிறாங்க. பிளக் கச்சிதமா பொருந்தும், லைட்டும் எரியும். ஆனா டிரக்குல பிரேக் கன்ட்ரோலரும் அந்த நீல வயரும் இல்லாம டிரெய்லர் பிரேக் பிடிக்காது.

2009-ல அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே ஒரு ஆய்வு வெளியிட்டது. திரும்புறது, லேன் மாறுறது மாதிரி நேரங்கள்ல, ஆரஞ்சு இண்டிகேட்டர் இருக்கிற வண்டி பின்னாடி இருந்து இடி வாங்குற வாய்ப்பு 5.3 சதவீதம் குறைவுன்னு அதுல வந்தது. சிவப்பு இண்டிகேட்டர் அங்கே இன்னமும் சட்டப்படி செல்லும்.